காளான் பறிக்கிறவருக்கும் லைசென்ஸ் கொடுங்கள்

பென்சில்வேனியா சட்டமன்றத்தின் ஈரவை உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

போன குளிர்காலத்தில் கென்னட் ஸ்கொயரில் ஒரு கடை வாசலில் நின்றிருந்த என் காரை, பின்னால் வந்த பழைய பிக்கப் வண்டி இடித்தது. இறங்கியவர் மேல் காளான் கொட்டகையின் எரு வாடை. இருபது டாலர் தாள்களாக எடுத்து என் கையில் திணித்தார். "நோ போலீஸ், ப்ளீஸ்." இன்சூரன்ஸ் கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. எண்ணினால் நூற்றெண்பது டாலர். ஒருநாள் கூலியாக இருக்கும்.

அமெரிக்காவில் விளையும் காளானில் பாதிக்கு மேல் நம் மாநிலத்தில்தான், பெரும்பாலும் இந்த ஊரைச் சுற்றி. பறிக்கிறவர்கள் விடியுமுன் கொட்டகையில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது. பலரிடம் குடியேற்ற ஆவணம் இல்லை, அதனால் இங்கே அவர்களுக்கு லைசென்ஸ் கிடைக்காது. ஆகவே லைசென்ஸ் இல்லாமலே ஓட்டுகிறார்கள். நீங்கள் மறுப்பதால் யாரும் நடந்து போகவில்லை.

தெற்கே சில மைலில் டெலவேர். குடியேற்ற ஆவணம் இல்லாதவரும் அங்கே வரி கட்டியதைக் காட்டி, தேர்வில் தேறினால் வண்டி ஓட்ட அட்டை வாங்கலாம். நியூ ஜெர்சி, நியூயார்க், மேரிலாந்தும் கொடுக்கின்றன. மொத்தம் 19 மாநிலங்கள். இங்கேயே 2002 வரை வரி எண்ணைக் காட்டி வாங்க முடிந்தது.

"நாம் கிரீன் கார்டுக்கு வருடக்கணக்காக வரிசையில் நிற்கிறோம், அவர்களுக்கு மட்டும் சலுகையா?" என்று எங்கள் தமிழ் நண்பர்களே கேட்கிறார்கள். எனக்கும் அந்த எரிச்சல் இருந்தது. ஆனால் விசா முடியும் நாளில் எங்கள் லைசென்ஸும் முடிகிறது. ஹெச்1பி நீட்டிப்பு தாமதமான மூன்று வாரம், பால் வாங்கக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சினேன். அந்தத் தேதியோடு எனக்கு வண்டி ஓட்டவா மறந்துபோனது?

கலிபோர்னியா 2015-இல் கொடுக்கத் தொடங்கியதும், இடித்துவிட்டு ஓடும் விபத்துகள் 7 முதல் 10 சதவீதம் குறைந்ததாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். லைசென்ஸ் கையில் இருந்தால் அன்று அந்த மனிதரும் நின்றிருப்பார். இந்த லைசென்ஸ் வாக்குரிமையும் அல்ல, விமானம் ஏறும் அடையாள அட்டையும் அல்ல.

சட்டம் இயற்றும்போது நியூயார்க்கின் 2019 சட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்: நீதிமன்ற ஆணை இல்லாமல் உரிமத் தகவல் குடியேற்றத் துறைக்குப் போகக் கூடாது. அது இல்லையென்றால், தன் வீட்டு முகவரியைத் தானே எழுதிக் கொடுக்க எவரும் கவுண்டர் பக்கம் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
செஸ்டர் கவுண்டியில் வரி கட்டும் ஒரு தமிழன்