புகைப்பட அறிக்கைப் படிவம் தயாரிக்கிற சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும்

வணக்கம். களுவாஞ்சிகுடியில் சின்னதாக ஒரு கொமியுனிக்கேஷன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, டைப்பிங், லெமினேற்றிங், அவ்வளவுதான் தொழில். நீங்கள் என்னைக் கண்டிருக்க மாட்டீர்கள், ஆனால் நீங்கள் செய்து அனுப்புகிற வேர்ட் படிவத்தோடு நான் படுகிற பாடு கொஞ்சமில்லை. எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. படிவத்தைப் பற்றிச் சொன்னாலே உங்களுக்கு விளங்கிவிடும்.

கிராமத்துச் சங்கங்கள் ஒரு வேலையை முடித்ததும் கொடுக்க வேண்டிய அறிக்கைதான். அதில் ஒரு அட்டவணை, அருகருகே மூன்று கட்டம்: வேலைக்கு முன், வேலை நடக்கும்போது, வேலை முடிந்த பின். ஒவ்வொன்றிலும் ஒரு படம் போட வேண்டும். கேட்கச் சுகமான வேலை.

போன கிழமை மண்டூர்ப் பக்கமிருந்து மாதர் சங்கத் தலைவி ஒருவர் வந்தார். பாதையில், அதாவது ஆட்களை ஏற்றி இறக்குகிற மிதவையில், வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோ பிடித்து வந்திருக்கிறார், கையில் நீங்கள் திருப்பி அனுப்பிய அறிக்கை, அதன் தலையில் சிவப்புப் பேனையால் "படங்கள் தெளிவில்லை, மீண்டும் சமர்ப்பிக்கவும்" என்று ஒரு வரி. தெளிவில்லை என்பது சரியான சொல்லே இல்லை சேர். கட்டத்தின் அடியில் நூல் பிடித்த மாதிரி ஒரு பச்சைக் கீற்று மட்டும் தெரிந்தது. அவர்கள் வெட்டிக் கட்டிய வடிகானுக்கு முன்னால் நின்ற புல் அது. "மனே, நான் போட்ட படம் எங்க போச்சு?" என்று கேட்டார்.

படம் எங்கும் போகவில்லை. அதே இடத்தில்தான், முழுசாக இருந்தது. வேர்ட் அதை ஒரு எழுத்தைப் போலத்தான் வரியில் உட்காரவைக்கிறது, நீங்களோ வரியின் உயரத்தை 'எக்ஸாக்ட்லி 12 பொயிண்ட்' என்று பூட்டி வைத்திருக்கிறீர்கள். 12 பொயிண்ட் என்றால் நாலு மில்லிமீற்றர் சொச்சம். அந்த நாலு மில்லிமீற்றருக்குள் எவ்வளவு அடங்குமோ அவ்வளவு காட்டும், மிச்சத்தை மறைத்துவிடும். ஏன் அப்படிப் பூட்டினீர்கள் என்றும் எனக்கு விளங்குகிறது. லதா எழுத்துருவில் தமிழ் அடித்தால் வரிகள் உயர உயரமாக வந்து படிவம் அடுத்த பக்கத்துக்கு ஓடும், அதை இழுத்துப் பிடிக்க எக்ஸாக்ட்லி போட்டிருப்பீர்கள். நானும் செய்கிறதுதான். ஆனால் எழுத்து இருக்கிற பந்திகளுக்கு மட்டும் போடுங்கள், படம் வருகிற கட்டத்துக்கு வேண்டாம். அந்தக் கட்டத்துக்குள் கேசரை வைத்து கண்ட்ரோலையும் 1ஐயும் சேர்த்து அழுத்தினால் ஒற்றை இடைவெளி வந்துவிடும், படம் எழும்பி நிற்கும். அந்த அக்காவுக்கு அதைத்தான் செய்து கொடுத்தேன். ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை, அதற்குக் காசு வாங்க வெட்கமாக இருந்தது.

இன்னொரு விதமான வெட்டும் வருகிறது. படத்தின் மேல்பாதி தெரியும், கீழ்ப்பாதி காணாமல் போகும். அது வரி இடைவெளியால் வருவதில்லை, நிரையின் உயரத்தை எக்ஸாக்ட்லி ஆக்கியதால் வருவது. டேபிள் ப்ரொப்பர்ட்டீஸில் ரோ என்ற பக்கத்துக்குப் போய் அதை 'அட் லீஸ்ட்' ஆக்கிவிட்டால் நிரை படத்துக்கு ஏற்ற மாதிரி நீளும். என் கடையில் இப்போது பார்த்தவுடன் சொல்லிவிடுவேன், அடி மட்டும் தெரிந்தால் வரி, தலை மட்டும் தெரிந்தால் நிரை.

அப்புறம் இந்த மூன்று கட்டத்தையும் அருகருகே வைத்தது யார் யோசனை? ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். இரண்டு பக்கமும் 2.54 ஓரம் விட்டால் மிச்சம் 15.92. அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு 5.3, அதிலும் கட்டத்துக்குள் இரண்டு பக்கமும் வேர்ட் தானாக 0.19 விடும். ஆக படத்துக்குக் கிடைப்பது 4.9 சென்ரிமீற்றர். படுக்கையாக எடுத்த படம் என்றால் உயரம் நாலு சென்ரிமீற்றர்கூட இல்லை. இதில் மதகு எது, மண் எது என்று எப்படித் தெரியும்? தெளிவில்லை என்று நீங்கள் எழுதியதில் பாதி இதுதான். கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். படுக்கையாக எடுத்த படங்களுக்கு 10 அகலம், 7.5 உயரம் என்று போட்டால் மூன்று படமும் ஒரே பக்கத்தில் அடங்கும், கண்ணுக்கும் தெரியும்.

அட்டவணையில் 'ஓட்டோமெட்டிக்கலி ரிசைஸ் டு ஃபிட் கொன்டென்ட்ஸ்' என்று ஒரு சரி அடையாளம் இருக்கும். டேபிள் ப்ரொப்பர்ட்டீஸுக்குள் ஒப்ஷன்ஸில் பாருங்கள், தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை பெரிய படம் ஒன்றைப் போட்டவுடன் அந்த நிரல் வீங்கி மற்ற இரண்டையும் நசுக்குகிறது. எடுத்துவிட்டால் போடுகிற படமே கட்டத்தின் அகலத்துக்குச் சுருங்கிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். கட்டத்துக்குள் படம் அடங்க மறுத்தால் கடைப் பொடியன்மார் அதை 'இன் ஃப்ரண்ட் ஒஃப் டெக்ஸ்ட்' ஆக்கி, அதாவது எழுத்துக்கு மேல் மிதக்கவிட்டு, கையால் இழுத்து வைத்துவிடுவார்கள். நானும் வைத்திருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கும், பிறகு யாராவது மேலே ஒரு வரி கூட்டினால் எல்லாம் இடம் மாறும். ஒருமுறை தலைவரின் கையெழுத்துக்கு மேல் கொங்கிரீட் கலவை வந்து நின்றது. 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' என்று எழுத்தைப் போல வரியிலேயே விட்டால் இந்தச் சோலி இல்லை, ஆனால் உங்கள் படிவத்தில் அப்படி விட்டால் கீற்றுத்தான் மிஞ்சும், அதனால்தான் இழுக்கிறோம்.

மெயிலில் போகவில்லை, கோப்பு பெரிது என்கிற முறைப்பாட்டுக்கும் வழி இருக்கிறது. படத்தின் ஓரத்தை வெட்டினாலும் வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும். 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' போய் வெட்டிய பகுதிகளை அழிக்கச் சொல்லி, படத்தின் நுணுக்கத்துக்கு 150 பிபிஐ தெரிவு செய்தால் போதும், பிரிண்டிலும் நன்றாகத்தான் வரும். இதை ஒரு வரியாகப் படிவத்தின் கீழே எழுதிவிடலாமே.

நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. வெறும் படிவத்தை ஒருமுறை திருத்தி எல்லாச் சங்கங்களுக்கும் திரும்ப அனுப்புங்கள். சிவப்புப் பேனையால் திருப்பி அனுப்பியவற்றையும் இன்னொருமுறை திறந்து பாருங்கள், படம் உள்ளேயே இருக்கும். புதுப் படிவத்தை அனுப்பமுன் நீங்களே அதில் மூன்று படத்தைப் போட்டு பிரிண்ட் எடுங்கள். கணினியோடு வருகிற பூப்படம் வேண்டாம், போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமாகப் போடுங்கள், அக்காமார் அப்படித்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.