பில்லில் ஊர்ப் பெயரும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கைத்தொழில் கட்டுரையில் காஞ்சிபுரம் பட்டு இருந்தது, சுவாமிமலைச் சிலை இருந்தது. எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துப் பூட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பட்டுக்கும் சிலைக்கும் பேச ஆள் நிறைய. பூட்டுக்கு நான் பேசிவிடுகிறேன்.

எங்கள் மளிகைக் கடை குடோனுக்கு என் தாத்தா வாங்கிப் போட்டது ஒரு திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. போன ஆடியில் அதன் சாவி தொலைந்தது. தொலைந்தது என்ன, நான்தான் தொலைத்தேன். "உடைச்சுட்டு ஆன்லைன்ல ஒண்ணு போட்டுரலாம்ப்பா" என்றான் மகன். எனக்கு மனசு வரவில்லை. நாதாங்கியை மட்டும் அறுத்து, பூட்டை முழுசாக மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

திண்டுக்கல்லில் நாகல் நகர் பக்கம் ஒரு வீட்டுப் பட்டறை. பெரியவர் பூட்டைக் காதருகே வைத்து ஆட்டினார். "ஒரு லீவர் தேஞ்சிருக்கு" என்றார், திறக்கும் முன்பே. பூட்டுக்குள் சாவி தூக்கிவிடுகிற தகடுதான் லீவர். ரிவிட்டை வெட்டி மேல்தகட்டை எடுத்தார். சொன்னது போலவே ஒன்று தேய்ந்திருந்தது. அதற்கு மாற்றுத் தகடு வெட்டிப் போட்ட பிறகு, பல் இல்லாத சாவி ஒன்றை வைஸில் பிடித்து அரத்தால் ராவத் தொடங்கினார். இரண்டு இழுப்பு, உள்ளே விட்டுப் பார்ப்பது. மறுபடி இரண்டு இழுப்பு. ஒவ்வொரு பல்லும் தனக்கான லீவரை அதற்கென்று உள்ள உயரத்துக்குத் தூக்க வேண்டுமாம். ஒன்று மயிரிழை பிசகினாலும் தாழ் நகராது. அதனால்தான் கையால் செய்த ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேருவதில்லை.

இரண்டு மணி நேரம் ஆனது. கூலி 250 ரூபாய் கேட்டார். பழக்கதோஷம், "இருநூறு வெச்சுக்கங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். அப்புறம் பஸ் ஸ்டாண்டு அருகே பிரியாணி சாப்பிட்டேன், 220 ரூபாய். அங்கே பேரம் பேசத் தோன்றவில்லை.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. அதே மாதம்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கும். பஞ்சாமிர்தத்துக்கு வந்த கூட்டம் பூட்டுக்கு வரவில்லை, அது போகட்டும். என் வருத்தம் வேறு. அந்தப் பெயரைச் சொல்லியே வெளியூர் மெஷின் பூட்டை விற்கிறார்கள். நானே ஒரு கடையில் திண்டுக்கல் பூட்டு என்று கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்தால் அலிகார். அலிகாரைக் குறை சொல்லவில்லை, அதுவும் பூட்டுக்குப் பேர் போன ஊர்தான். அலிகார் பூட்டை அலிகார் பூட்டு என்று சொல்லியே விற்கலாமே. பில்லில் எந்த ஊர், எந்தப் பட்டறை என்று எழுதினால், விலை ஏன் கூடுதல் என்று வாங்குகிறவனுக்கும் புரியும்.

ஆதரியுங்கள் என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. இப்போது கதவே பூட்டோடு சேர்ந்து வருகிறது. வீட்டுக்காரர்கள் எத்தனை பூட்டு வாங்கிவிடுவார்கள்? ஆனால் ரேஷன் கடை, கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூட ஸ்டோர் ரூம் எல்லாவற்றுக்கும் பூட்டு வேண்டும். கோயில் உண்டியலுக்கு ஒன்றுக்கு மேல் போட்டு, சாவிகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து வைக்கிறார்கள். ஒன்றின் சாவி மற்றதற்குச் சேராத பூட்டுதானே அங்கே தேவை. இந்த மாவட்டத்து அலுவலகங்களாவது பட்டறைகளில் நேரடியாக வாங்கினால் அவர்களுக்கு வருஷம் முழுக்க வேலை இருக்கும். பெரியவரின் மகன் மில்லுக்குப் போகிறாராம். "இதுல மாசச் சம்பளம் வருமா சொல்லுங்க" என்று பெரியவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தாத்தாவின் பூட்டு மறுபடி குடோனில் தொங்குகிறது. அவசரத்தில் ஒரு சாவிதான் செய்து வாங்கினேன். மாற்றுச் சாவிக்கு அடுத்த வாரம் போக வேண்டும். பாக்கி ஐம்பது ரூபாயும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
ஒட்டன்சத்திரம்