டம்ப் டிரெய்லர் செய்பவர்களே, அந்தப் பேட்டரிப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்

டம்ப் டிரெய்லர் தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும்,

வணக்கம். உங்களில் ஒருவர் செய்த, தொட்டியைச் சாய்த்து மண்ணைக் கொட்டும் டிரெய்லரைத்தான் நாலு வருஷமாக வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டிருக்கிறேன். யாருடையது என்று சொல்லப் போவதில்லை. இதே குறையை வேறு இரண்டு பேர் செய்த டிரெய்லர்களிலும் பார்த்துவிட்டேன், அதனால் பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது? அடிச்சட்டம் உறுதி. வெல்டிங் சுத்தம். சிலிண்டரில் இதுவரை ஒரு சொட்டு எண்ணெய் கசிந்ததில்லை. என் புகாரெல்லாம் முன்னால் இருக்கிற அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து, தொட்டியைத் தூக்கும் பம்பு மோட்டாரை ஓட்டும் பேட்டரியைப் பற்றி. சரியாகச் சொன்னால், அதை நிரப்ப நீங்கள் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பற்றி.

ஈர மண் அடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஆறாவது நடை. தொட்டி பாதி உயரம் போனது, மோட்டார் முனக ஆரம்பித்தது. அப்புறம் மோட்டார் சத்தமே இல்லை. பெட்டிக்குள்ளிருந்து டக் டக் டக் என்று சொலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. மல்டிமீட்டரை வைத்தேன். பட்டனைத் தொடாதபோது 11.9 வோல்ட். அழுத்தினால் 8.6. பின்கதவு திறந்திருக்கிறது, மண் ஒட்டிக்கொண்டு சரியமாட்டேன் என்கிறது, தொட்டி அந்தரத்தில் நிற்கிறது. நல்லவேளை, இறக்குவதற்கு மோட்டார் தேவையில்லை. வால்வு திறந்தால் போதும், தொட்டி தன் எடையிலேயே இறங்கிவிடும். வால்வுக்குச் சில ஆம்பியர்தான். இறக்கிவிட்டு, மண்வெட்டியை எடுத்தேன். அந்த மண்ணை அள்ளிப் போட்ட நேரத்தில்தான் இந்த மடலின் முதல் வரி மனசில் வந்தது.

வாங்கிய இடத்தில் கேட்டதற்கு வந்த பதில்: "வண்டியில் மாட்டி இழுக்கும்போதே சார்ஜ் ஆகிவிடுமே. ஆகலையா? அப்போ பெரிய பேட்டரி போட்டுப் பாருங்க."

பெரிய பேட்டரி எதற்கு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு லோடைத் தூக்கும்போது பம்பு மோட்டார் ஏறத்தாழ 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே போக 30 வினாடி. அப்படியானால் ஒரு நடைக்கு 1.7 ஆம்பியர் மணிகூட ஆகவில்லை. பத்து நடை அடித்தாலும் 17. பெட்டிக்குள் இருப்பது 100 ஆம்பியர் மணி பேட்டரி. இவ்வளவு வேகமாக உறிஞ்சினால் முழு 100-ம் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனாலும் காலையில் நிறைந்திருக்கும் பேட்டரி ஆறாவது நடையில் படுக்க வேண்டிய அவசியமே இல்லை. காலையிலேயே அது நிறைந்திருக்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து ஒருநாளும் நிறைந்ததில்லை என்பதுதான் நான் பிறகு கண்டுபிடித்தது.

வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு பின் பிளக்கில் ஒரு பின் சார்ஜுக்கு. அதற்கு வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஒல்லியான வயர் ஒன்று வருகிறது. 3 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் பத்து மீட்டர் ஓடினால், 10 ஆம்பியருக்கே அரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும். பிளக்கில் பச்சை பூத்த பின் ஒரு பங்கு சாப்பிடும். மின்சாரம் திரும்பி வரும் பாதையாக நீங்கள் நம்புவது துருப்பிடித்த சட்டத்தை. அது இன்னொரு பங்கு. ஈய அமில பேட்டரி முழுசாக நிறைய 14.4 வோல்ட் அளவுக்கு வேண்டும். வண்டி இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 14 கொடுத்தாலும் என் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது 13.1. இப்போது வரும் பல வண்டிகள் தங்கள் பேட்டரி நிறைந்தவுடன் ஆல்டர்னேட்டரை 13-க்குக் கீழேயே இறக்கிவிடுகின்றன, எரிபொருள் மிச்சமாகட்டும் என்று. அப்படிப்பட்ட வண்டிக்குப் பின்னால் நாள் முழுக்க ஓடினாலும் டிரெய்லர் பேட்டரிக்குக் கிடைப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சில வண்டிகளில் அந்தப் பின்னுக்கான ஃப்யூஸும் ரிலேயும் போடாமலே வருகின்றன; அங்கே சோளப்பொரியும் கிடையாது.

அரைகுறையாகவே கிடக்கும் பேட்டரிக்குள் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிப்போகிறது. அப்புறம் நீங்கள் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது பழைய அளவுக்கு வராது. "பேட்டரி சரியில்லை, மாத்துங்க" என்கிறீர்கள். மாற்றுகிறோம். புதுசுக்கும் அதே கதி.

இதில் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிற விஷயம் ஒன்று. இன்ஜின் ஓட, பிளக் மாட்டியபடியே தொட்டியைத் தூக்குகிறோம். அந்த நிமிஷம் டிரெய்லர் பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்குகிறது, வண்டியில் 14 இருக்கிறது. இந்த 4 வோல்ட் வித்தியாசம் அந்த ஒல்லி வயரில் பெரிய மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. 30 ஆம்பியர் ஃப்யூஸ் என்றைக்கோ ஒருநாள் போய்விடும். போனது யாருக்குத் தெரியும்? விளக்கு எரிகிறது, பிரேக் பிடிக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிற மாதிரிதான் தோன்றும். என் வண்டியில் அந்த ஃப்யூஸ் எத்தனை மாசமாகச் செத்துக் கிடந்தது என்று எனக்கே தெரியவில்லை.

தொட்டியைத் தூக்கி இறக்கும் ரிமோட்டையும் விட்டுவிடக் கூடாது. அதன் ரிசீவர் இரவு பகலாக விழித்திருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் என்றால் காதில் விழக்கூட மாட்டாத எண், ஒரு மாசத்துக்குக் கூட்டினால் 21 ஆம்பியர் மணிக்கு மேல். அதாவது பத்து நடைக்கு மேல் கொட்டக்கூடிய சக்தி, ஒரு கல்லைக்கூடத் தூக்காமல் போகிறது.

இதெல்லாம் என் நேரமும் முதுகும் சம்பந்தப்பட்டவை. அடுத்தது அப்படியில்லை. டிரெய்லர் கொக்கியிலிருந்து கழன்றால் பிரேக்கைத் தானே பிடிக்க வைக்கும் பிரேக்அவே சுவிட்சை, உங்களில் பலர் இதே பேட்டரியில்தான் இணைத்திருக்கிறீர்கள். நாலு சக்கரத்தின் பிரேக் காந்தங்களுக்கும் சேர்த்து 12 ஆம்பியர் போலத்தான் வேண்டும். பேட்டரி உயிரோடு இருந்தால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அன்று மாலை, ஆறு நடை அடித்துப் பேட்டரி டவுனான பிறகு, காலி டிரெய்லரை நான் நெடுஞ்சாலையில் இழுத்து வந்தேன். கழன்றிருந்தால்? அது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. உங்கள் கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆகவே நான் கேட்பது இது. பிரேக்அவேக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி கொடுங்கள், அதைச் சோதிக்க ஒரு பட்டனோடு. மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அப்புறம், பெட்டிக்குள் ஒரு டிசி-டிசி சார்ஜர். வண்டியிலிருந்து 12.5 வந்தாலும் அதை 14.4 ஆக ஏற்றிக் கொடுக்கும். வயரில் எவ்வளவு ஆம்பியர் போகலாம் என்பதையும் அதுவே கட்டுப்படுத்தும், ஃப்யூஸ் போகிற கதையும் முடியும். நான் என் செலவில் போட்டுக்கொண்டேன். அதோடு பேட்டரி நெகட்டிவிலிருந்து மோட்டார் உடம்புக்கு நேராக ஒரு தடித்த கேபிள். போடுவதற்கு முன் தூக்கும்போது அந்த இரண்டுக்கும் நடுவே 0.9 வோல்ட் காட்டியது. அதாவது பெயிண்ட் மேலேயே முறுக்கி வைத்திருந்த உங்கள் எர்த் போல்ட்டில் 0.9 வோல்ட் வீணாகிக்கொண்டிருந்தது. இப்போது 0.1. தொட்டி ஏறுகிற வேகமே மாறிவிட்டது.

சிலர் இதெல்லாம் வேண்டாம், சோலார் பலகை போதும் என்பார்கள். நிறுத்தி வைக்கிற காலத்துக்கு நல்லதுதான். 20 வாட் பலகை நல்ல வெயிலில் ஒரு ஆம்பியர் போலக் கொடுக்கும், ரிமோட்டின் பசிக்கும் பேட்டரி தானாக இறங்குவதற்கும் ஈடுகட்டும். வேலை நாளில் அதை நம்ப முடியாது. நீங்கள் சிலவற்றில் வைத்துத் தருகிற 5 ஆம்பியர் சார்ஜரும் அப்படித்தான்: பாதி காலியான பேட்டரியை நிரப்ப ஒரு ராத்திரி முழுக்கப் போதாது, டிரெய்லர் நிற்கிற இடத்தில் மின்சாரம் இருக்கவும் வேண்டும்.

கடைசியாக, பெட்டி மூடியின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன வோல்ட்மீட்டர் வையுங்கள். ஒரு பட்டனை அழுத்தினால் மட்டும் காட்டினால் போதும். சில மணி நேரம் சும்மா நின்ற பேட்டரியில் 12.6 இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிளம்பாதே. இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் அச்சடித்து ஒட்டுங்கள். இப்போது என் மூடியின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் நானே எழுதி வைத்திருக்கிறேன், வயர் எது எங்கே போகிறது என்ற படத்தோடு. அந்தப் படத்தை வரைய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது, ஏனென்றால் நீங்கள் எல்லா வயரையும் கறுப்பிலேயே போட்டிருந்தீர்கள். வேண்டுமென்றால் புகைப்படம் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் டிரெய்லரை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும் ஒருவன்