எதைத் தடுக்கிறோம் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவில் வண்டியை உறுமவிட்டுத் தெருத்தெருவாகச் சுற்றுகிறவர்களைப் பற்றிச் சென்ற இதழில் தலையங்கம் எழுதியிருந்தீர்கள். இதற்கென்று உள்ளாட்சிகள் தனி விதி போடவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், அபராதத்தைப் பத்து மடங்கு ஆக்கினால் எல்லாம் அடங்கிவிடும் என்று முடித்திருந்தீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் பேச இருக்கிறது.

என் வீடு ஒரு பெரிய வண்டி நிறுத்துமிடத்துக்கு எதிரே, இரண்டாம் மாடியில். கடைகள் மூடியதும் அந்த இடம் வெறிச்சோடிவிடும். வெள்ளி, சனி இரவுகளில் பத்தரை மணிக்கு முதல் வண்டி வரும். பதினொன்றுக்குள் இருபது, இருபத்தைந்து சேர்ந்துவிடும். பெரும்பாலானவர்கள் பானட்டைத் திறந்துவைத்து, ஒருவருக்கொருவர் எஞ்சினைக் காட்டிப் பேசிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடுவார்கள். தொல்லையெல்லாம் நாலைந்து வண்டிகளால்தான். ஹேண்ட்பிரேக்கை இழுத்து வட்டமடிப்பது, நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை மிதித்து டயரைப் புகையவிடுவது, பிறகு வெளிச்சாலையில் சிக்னலிலிருந்து சிக்னல்வரை பந்தயம். இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்கிறீர்களா? தூக்கம் போனவளுக்கு எண்ணுவதைத் தவிர வேறென்ன வேலை?

விதி அந்த நாலைந்து வண்டிகள் செய்வதைப் பெயர் சொல்லித் தடுக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். 'பொது இடத்தில் வாகனங்களோடு கூடக்கூடாது' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டால், சும்மா பேசிக்கொண்டு நின்ற இருபது பேரும் குற்றவாளிகள். அவர்களில் யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்பது அன்றைக்கு ரோந்து வரும் காவலரின் மனப்போக்கைப் பொறுத்ததாகிவிடும்.

கலிபோர்னியாவில் இது நடந்து முடிந்த கதை. வண்டியைத் தரையோடு தாழ்த்தி, வண்ணம் தீட்டி, மாலை நேரங்களில் வரிசையாக மெல்ல ஓட்டிப்போவது அங்கே மெக்சிகோ வம்சாவளியினரிடம் நெடுநாளாக இருக்கும் பழக்கம். லோரைடர் என்பார்கள். நெரிசலைக் காரணம் காட்டிப் பல நகரங்கள் இதற்குத் தடை போட்டன. எச்சரித்த பிறகும் குறித்த ஓரிடத்தைத் திரும்பக் கடந்தால் குற்றம். ஒரு சமூகத்தைக் குறிவைத்துப் போட்ட விதி என்ற புகார் ஓயவே இல்லை. கடைசியில் 2023-ல் மாநிலமே சட்டம் இயற்றி, 2024 ஜனவரி 1 முதல் அந்தத் தடைகளை நீக்கிவிட்டது. அதே மாநிலத்தில், சாலைச் சந்திப்பை மறித்து வட்டமடிக்கும் 'சைடுஷோ' இன்றும் குற்றம்தான். வண்டியை 30 நாள் பிடித்துவைக்கலாம். கவனித்தீர்களா, விழுந்தது கூட்டத்தைப் பிடித்த விதி. செயலைப் பிடித்த விதி நிற்கிறது.

ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிகளில் 30-ஆவது பிரிவு எனக்கு மிகவும் பிடிக்கும். ஊருக்குள் வேலையில்லாமல் இங்குமங்கும் ஓட்டித் திரிவது தடை. ஆனால் அதனால் பிறருக்குத் தொல்லை உண்டானால் மட்டும். அந்த 'உண்டானால்' இருப்பதால், மனசு சரியில்லை என்று நாலு தெரு சுற்றிவிட்டு வருகிறவரை விதி தொடுவதில்லை. 2021-ல் இதற்கான அபராதத்தை 100 யூரோ வரை உயர்த்தினார்கள். பந்தயம் ஓட்டுவது அங்கே வேறு கணக்கு. 2016 பிப்ரவரியில் பெர்லினின் குர்ஃபூர்ஸ்டெண்டம் சாலையில் இருவர் நள்ளிரவில் பந்தயம் ஓட்டி, அதில் சம்பந்தமே இல்லாத 69 வயதுக்காரர் ஒருவர் தன் வண்டியில் இறந்துபோனார். அதற்கு அடுத்த ஆண்டே தெருப் பந்தயம் குற்றவியல் சட்டத்துக்குள் வந்தது. எதிரில் ஆளே இல்லாமல் ஒருவர் தன் வண்டியின் உச்ச வேகத்தைச் சோதித்துப் பார்த்தாலும் அது பந்தயம்தான் என்கிறது அந்தச் சட்டம்.

பிரிட்டனில் உள்ளாட்சிகளின் கையில் பொது இடப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று உண்டு; 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. காவல்துறையையும் அந்தப் பகுதி மக்களையும் கலந்துகொண்டுதான் போடமுடியும். 3 ஆண்டுதான் ஆயுள். வேண்டுமானால் மறுபடி காரணம் சொல்லி நீட்டிக்கவேண்டும். பொதுமக்கள் வந்துபோகும் இடமெல்லாம் இதற்குள் அடங்கும், நிலம் தனியாருடையது என்றாலும் சரி. என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம். நான் புகார் சொல்லப் போனபோது, 'அது சாலை இல்லையம்மா, தனியார் இடம்' என்று கைவிரித்ததைத்தான் கேட்டிருக்கிறேன்.

அங்கே சில நகரங்கள் இதுவும் போதாதென்று உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணை வாங்கியிருக்கின்றன. உல்வர்ஹாம்ப்டனும் அதன் அண்டை நகரங்களும் வாங்கிய ஆணையில், பிற்பகல் 3 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையில் இரண்டு பேர் கூடினாலே 'கூட்டம்'. ஆனால் அங்கே பந்தயமோ சாகசமோ நடந்து, ஆபத்தோ இரைச்சலோ உண்டாக வேண்டும். மீறினால் நீதிமன்ற அவமதிப்பு, சிறைவரை போகலாம்.

அடுத்தது இரைச்சல். தலையங்கத்தில் இதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு முதல் எதிரியே அதுதான்.

இந்த வண்டிகள் தற்செயலாகச் சத்தம் போடுவதில்லை. சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் தடுப்புகளைக் கழற்றியிருப்பார்கள், அல்லது சைலன்சரையே மாற்றியிருப்பார்கள். சிலர் ஒரு படி மேலே போய், எஞ்சினின் கணினியில் கைவைத்து, பெட்ரோல் பற்றிக்கொள்ளும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் வெடிக்கும். படபடவென்று துப்பாக்கி சுட்டதுபோலக் கேட்கிறதே, அது இதுதான். காசு கொடுத்து வாங்கிய சத்தம்.

இதில் காவலர்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஓடும் வண்டியைத் துரத்தவே வேண்டாம். நின்ற வண்டியில் புகைக்குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் மைக்கை வைத்து அளப்பதுதான் வழக்கமான சோதனை. அந்த நிறுத்துமிடத்திலேயே, எல்லோரும் பானட்டைத் திறந்துவைத்திருக்கும் அதே நேரத்தில் செய்துவிடலாம். பத்து டெசிபல்தானே கூடுதல் என்று யாராவது வாதாடினால் ஏமாறக்கூடாது. பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். சாலைப் போக்குவரத்தின் இரவுச் சராசரி வீட்டுக்கு வெளியே 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பாவுக்காக உலக சுகாதார அமைப்பு 2018-ல் சொன்ன வரம்பு. பாரிஸ் பகுதியின் இரைச்சலை அளக்கும் புரூயிபாரிஃப் என்ற அமைப்பின் மதிப்பீடு இன்னும் கலங்கடிக்கும்: சைலன்சர் இல்லாத ஒரே ஒரு பைக் இரவில் அந்நகரைக் குறுக்கே கடந்தால் 10,000 பேர்வரை விழித்துக்கொள்ளக்கூடுமாம். வேக கேமரா போல இரைச்சலைக் கண்டுபிடித்து எண் பலகையைப் படமெடுக்கும் கருவிகளை அங்கே 2022 முதல் சோதித்துவருகிறார்கள்.

நேரக் கட்டுப்பாட்டைப் பற்றியும் ஒன்று. விதி எழுதுகிறவர்கள் 'இரவு 10 முதல் காலை 6 வரை' என்று போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். இரவுப் பணி முடிந்து காலையில் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. நானே பல வருடம் அப்படித் தூங்கியவள். புகைக்குழாய் வெடிக்கு நேரம் காலம் எதற்கு? எந்த நேரமும் தடை என்றே எழுதலாம்.

இனி அபராதம். வண்டியை மாற்றியமைக்க அவ்வளவு செலவழிக்கிறவனுக்கு அபராதம் நுழைவுச்சீட்டு மாதிரி. நூறை ஆயிரமாக்கினால் சிலர் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பயமுறுத்தும் தண்டனைகளின் கதியையும் பார்த்தாயிற்று. திரும்பத் திரும்பத் தெருப் பந்தயம் ஓட்டுகிறவர்களின் காரை நசுக்கியே போடலாம் என்று நியூசிலாந்து 2009-ல் சட்டம் செய்தது. முதல் கார் நசுக்கப்பட்டது 2012-ல். அதன் பிறகும் நசுங்கியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனக்குத் தோதாகப்படுவது பிரிட்டனின் 2002-ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு முதலில் வகுத்த வழி. பிறருக்குத் தொல்லை தரும்படி கவனமின்றி ஓட்டினால் முதலில் எச்சரிக்கை. 12 மாதத்துக்குள் மறுபடி செய்தால் வண்டி அங்கேயே பறிபோகும். திங்கள்கிழமை வேலைக்கு நடந்துபோகிறவன் சனிக்கிழமை யோசிப்பான். அந்த வண்டி அப்பா பேரில் இருந்தால் இன்னும் நல்லது, வீட்டிலேயே விசாரணை நடக்கும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை ஒரு பாதி தொட்டிருக்கிறது: ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவர் என்றால், பாதுகாவலருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

இளைஞர்களுக்குத் தனித் திடல் அமைத்துக் கொடுத்தால் தெருவை விட்டுவிடுவார்கள் என்று தங்கள் வாசகர் ஒருவர் முன்பு எழுதியிருந்தார். பாதிதான் நம்புகிறேன். எஞ்சினைக் காட்டிப் பேசுகிறவர்கள் போவார்கள். வட்டமடிக்கிற நாலைந்து பேருக்கு வேண்டியது என் சன்னல் அதிர்வதுதானே. திடலில் சன்னலுக்கு எங்கே போவார்கள்?

என் பெயரையும் முகவரியையும் அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கீழே கூடுகிறவர்களில் ஒருவன் சிறுவயதில் என்னிடம் கணக்குப் பாடம் படித்தவன். பழைய கார் ஒன்றைச் சொந்தமாகப் பழுதுபார்த்து வைத்திருக்கிறான். வருவான், பானட்டைத் திறப்பான், அரை மணி நேரம் பேசுவான், என் வீட்டுப் பக்கம் திரும்பும்போது முகப்பு விளக்கைத் தாழ்த்திக்கொண்டு போவான். போலீஸ் வண்டி தெரிந்தால் மற்றவர்கள் நொடியில் பறந்துவிடுகிறார்கள். அவனுக்கு பானட்டை மூடிக் கிளம்பவே ஐந்து நிமிடம் ஆகிறது. கூடினாலே குற்றம் என்று நாளைக்கு விதி வந்தால் முதலில் மாட்டுகிறவன் அவனாகத்தான் இருப்பான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி