நைட் லைட்ட போட்டுக்கோ பாப்பா

பாப்பாவுக்கு,

கண்ணு ஆபரேஷன் பாண்டியில நல்லபடியா முடிஞ்சுது, அம்மா சொல்லியிருப்பா. கட்டு பிரிச்சு வீட்டுக்கு வந்த அன்னைக்கு கொடியில கெடந்த என் வேட்டிய பாத்துட்டு அவகிட்ட ஒரே சண்டை, ஏண்டி இவ்ளோ சொட்டு நீலம் போட்டு வச்சிருக்கன்னு. இந்த மாசம் நீலமே வாங்கலன்னு சாமி சத்தியமா சொல்றா. செக்கப்புக்கு போனப்ப கேட்டா டாக்டரம்மா சிரிக்கிறாங்க. வயசானா கண்ணுல இருக்குற லென்ஸ் மஞ்சளா பழுத்துடுமாம், இத்தன வருஷமா நீல வெளிச்சத்த அது தடுத்துட்டே இருந்திருக்கு, இப்ப அத எடுத்துட்டாங்க, அதான் வேட்டி நீலமா தெரியுது. உன் வயசு கண்ணுல அவ்ளோ தடுப்பு கிடையாது, நெறைய உள்ள இறங்கும். அதுக்குதான் எழுதுறேன், வேற ஒண்ணும் இல்ல.

ராத்திரியில லேப்டாப்ப பளீர்னு வெள்ளையா வச்சிகிட்டு உக்காராத. பகலா ராத்திரியான்னு மூளைக்கு சொல்றதுக்குன்னே கண்ணுக்குள்ள தனியா செல்லு இருக்காம், 2002லதான் கண்டுபிடிச்சாங்களாம். அதுக்கு நீலம் பட்டா போதும், இன்னும் பொழுது போவலன்னு சொல்லிடும், தூக்கம் வர வைக்கிற மெலட்டோனின் சுரக்குறது கொறஞ்சிடும், அப்புறம் எங்க தூக்கம். செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுல டிஸ்ப்ளே, அதுல நைட் லைட்டுன்னு இருக்கு, அதுல நேரத்த செட் பண்ணிட்டா சாயங்காலம் ஆனா தானா மஞ்சளாயிடும், எதிர் வீட்டு தம்பி நம்ம பழைய கம்ப்யூட்டர்லயே போட்டு குடுத்தான். மஞ்சளாக்குனா மட்டும் பத்தாது, பிரைட்னஸையும் கொறைக்கணும். நீ இன்ஜினியர், உனக்கு நான் சொல்லணுமான்னு கேப்ப. தெரிஞ்சவ செய்யிறியா? 1142 மார்க்கு எடுத்தவன்னு மஞ்சக்குப்பம் பூரா சொல்லிட்டு திரியிறேன், ஒரு பட்டன அமுக்க முடியல உன்னால.

ஆபீஸ் வேலைன்னு அம்மாகிட்ட சொல்றியாம். போன்ல உன் லாஸ்ட் சீன் செவ்வாக்கிழமை ராத்திரி 3:10, நேத்து 2:45. ஞாயித்துக்கிழமையுமா ஆபீஸு? சரி விடு. பண்ருட்டிக்காரங்க விஷயத்த பத்தி நான் ஒண்ணும் கேக்கல, உங்க சித்தப்பா கேட்டதுக்கும் வாய மூடுன்னு சொல்லிட்டேன். நீ நைட் லைட்ட போட்டுக்கோ.

தானே புயல் ஞாபகம் இருக்கா, 2011 டிசம்பர் 30. பொங்கல் கிட்ட வந்துதான் நம்ம தெருவுக்கு கரண்ட் வந்துது. அந்த ரெண்டு வாரமும் ஏழரை மணிக்கு சாப்ட்டு முடிச்சு ஆயா பக்கத்துல பாய போட்டா அடிச்சு போட்ட மாதிரி தூங்குவ. ஆயா கூட சொல்லும், புள்ள மொகம் தெளிஞ்சிருக்குடான்னு. கரண்ட் வந்த மறுநா காலையில நாலு மணிக்கு டியூப் லைட்ட போட்டு உன்ன எழுப்புனது நாந்தான். பத்தாவது பரிட்சை வருதுன்னு. அன்னைலேருந்து பன்னெண்டாவது முடியிற வரைக்கும் அந்த லைட்ட ராத்திரி ஒரு மணிக்கு முன்னால அணைக்க விட்டதில்ல. ஒரு நா கெமிஸ்ட்ரி நோட்டு மேலயே தூங்கிட்ட, நான் சொம்பு தண்ணிய எடுத்து மூஞ்சில அடிச்சேன், நோட்டு பூரா மை கரைஞ்சு போச்சு. நீ அழுவல, பாவாடையில தொடச்சிட்டு மறுபடியும் எழுத ஆரம்பிச்ச. ஆயா அப்புறம் நாலு நாள் என்கிட்ட பேசல. உனக்கு தூங்க தெரியாம பண்ணது கம்ப்யூட்டர் இல்ல பாப்பா. இத நான் அம்மாகிட்ட கூட சொன்னதில்ல.

லாஸ்ட் சீன் எனக்கு எப்படி தெரியும்னு யோசிப்ப. நானும் முழிச்சிட்டுதான் கெடக்குறேன், ஆபரேஷன் பண்ண கண்ண வச்சிகிட்டு. அம்மாவுக்கு தெரிஞ்சா போன புடுங்கி வச்சிடுவா, சொல்லிடாத.

முந்திரி பருப்பு ஒரு கிலோ வறுத்து வச்சிருக்கா, பெங்களூர் பஸ்ல குடுத்து விடவா, நீயே வர்றியா? வந்தா ஒண்ணும் கேக்க மாட்டோம், தூங்கு, மத்தியானம் வரைக்கும் தூங்கு, எழுப்ப மாட்டேன். பிரைட்னஸ கொறை. அம்மா சொட்டு மருந்தோட நிக்கிறா, வச்சிடுறேன்.

அப்பா