மினி டைடல் பூங்காக்களுக்குக் கட்டடம் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்திலும், அதே ஆண்டு செப்டம்பரில் தஞ்சாவூரிலும் சேலத்திலும் மினி டைடல் பூங்காக்கள், அதாவது தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு இடம் தரும் தமிழக அரசின் கட்டடங்கள், திறக்கப்பட்டன. படித்த பிள்ளைகள் சென்னைக்குப் பெட்டி கட்டாமல் சொந்த மாவட்டத்திலேயே வேலை பார்க்க இவை வழிசெய்யும் என்பதால் வரவேற்கிறேன். ஆனால், இவற்றைப் பற்றிய செய்திகளில் சதுர அடிக்கும் கோடி ரூபாய்க்கும் கிடைக்கும் இடம், வெளிநாட்டு வாடிக்கையாளர் எதைப் பார்த்து நம்மிடம் வேலையை ஒப்படைக்கிறார் என்ற கேள்விக்குக் கிடைப்பதில்லை. மெடிக்கல் கோடிங் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளை இடுவது எங்கள் வேலை. காப்பீட்டுப் பணம் அந்தக் குறியீடுகளை வைத்தே கேட்கப்படுகிறது. அக்குறிப்புகள், நோயாளிகளின் தகவல்களைப் பாதுகாக்கும் அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டத்துக்கு உட்பட்டவை. 2013இல் விதிகள் இறுக்கப்பட்ட பின், மருத்துவமனைக்கு வேலை செய்துதரும் நிறுவனத்தின் மீதும் அதன் துணை ஒப்பந்ததாரர் மீதும் பொறுப்பு நேரடியாகவே விழுகிறது. ஆகவே தணிக்கைக்கு வருபவர் வரவேற்பறையின் அழகைக் கண்டு மயங்குவதில்லை. கைப்பேசிகள் லாக்கரில் இருக்கின்றனவா, மேசையில் காகிதமும் பேனாவும் கிடக்கின்றனவா, கணினியில் பென் டிரைவ் வேலை செய்கிறதா, வேலையை விட்டுப் போனவரின் கணக்கு அன்றே முடக்கப்பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். முப்பது பேரை வைத்துத் தொழில் தொடங்கும் உள்ளூர் நிறுவனத்தால் இத்தனை ஏற்பாட்டையும், ஐஎஸ்ஓ 27001 போன்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழுக்கான செலவையும் தனியாகத் தாங்க முடியாது. பூங்காவின் ஒரு தளத்தையாவது நுழைவுக் கட்டுப்பாடு, கேமரா, பதிவேடு ஆகியவற்றுடன் தணிக்கைக்குத் தயாராக அமைத்து, இருக்கைக் கணக்கில் வாடகைக்கு விடலாம்.

அடுத்தது இணைய இணைப்பு. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கிவிட்டால் பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டு கேபிளும் ஒரே சாலையோரப் பள்ளத்தில் வந்தால், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டும் ஒரு ஜேசிபி இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். கேபிள்கள் வெவ்வேறு சாலைகள் வழியாகக் கட்டடத்துக்குள் வர வேண்டும். சாலை வெட்ட அனுமதி தரும் அமைப்புகளும் பூங்கா நிர்வாகமும் பேசி வைத்துக்கொண்டாலன்றி இது நடக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை அலுவலகங்கள் முடங்கியபோது, வேறு நகரத்தில் மாற்று இடம் வைத்திருந்தவர்களால்தான் வேலையைத் தொடர முடிந்தது. எந்த ஒப்பந்தப் பேச்சிலும் மாற்று ஏற்பாடு பற்றிய கேள்வி தவறாமல் எழுகிறது. சென்னைக்கு அந்த மாற்று இடமாக மாவட்டப் பூங்காக்கள் இருக்கலாம் என்பதே என் கணிப்பில் இவற்றின் மிகப் பெரிய பலம். ஏனோ அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

மூன்றாவது, ஆள்களைப் பற்றியது. 2005இல் புனே கால்சென்டர் ஒன்றில் பணியாற்றியவர்கள் அமெரிக்க வங்கி வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்து பணத்தைத் திருடிய வழக்கு, இந்தத் துறை முழுவதையுமே தலைகுனிய வைத்தது. அதன் பின்னர் பணியாளர் பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயம் போலாகி, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமும் அதற்கெனத் தேசிய அளவில் ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. ஆனால் சரிபார்ப்பின் முதல் படியான பட்டச் சான்றிதழே இன்னும் சிக்கலாக இருக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வராத வரை, புதிதாகச் சேர்ந்தவரை வாடிக்கையாளரின் வேலையில் அமர்த்த முடியாது. பெருநிறுவனம் அந்தக் காலத்துக்குச் சம்பளம் கொடுத்துக் காத்திருக்கும். சிறு நிறுவனம் அந்தப் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிடும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பழைய ஆண்டுகளின் பட்டங்களையும் அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டால் இந்தத் தாமதம் பெருமளவு குறையும். கட்டடச் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் பணம் சொற்பமே.

இனித் திறக்கப்படும் பூங்காக்களிலாவது, மின்தடையும் இணையத் தடையும் ஏற்பட்ட நேரங்களை மாதந்தோறும் பொதுவில் வெளியிடும் வழக்கத்தைத் தொடங்குமாறு தகவல் தொழில்நுட்பத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதிவில் சில தடைகள் இருந்தாலும் பாதகமில்லை. பதிவே இல்லாத இடத்துக்கு வேலையை அனுப்பத்தான் வாடிக்கையாளர் தயங்குகிறார்.

இப்படிக்கு,
மெடிக்கல் கோடிங் துறை ஊழியர் ஒருவர்,
தஞ்சாவூர்.