மிடோசுஜியில் எங்கள் பெரியவர்களை நடக்க விடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து ஜப்பானுக்குக் குழுச் சுற்றுலா அழைத்துவரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஒசாகாவில் வசிக்கும் தமிழன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பேருந்து நிறுத்த இடம் கிடைக்காத சிரமமும், ஓட்டுநரின் பணிநேரக் கட்டுப்பாடும், குழுவைக் கட்டி மேய்க்கும் பாடும் நான் அறியாதவை அல்ல. நான் கேட்பது ஒன்றுதான்: இந்நகரின் வடக்கே உமேதாவிலிருந்து தெற்கே நம்பா வரை நான்கு கிலோமீட்டர் நீளும் மிடோசுஜி சாலையில், உங்கள் பயணிகளுக்கு இரண்டு மணி நேரம் நடக்க அவகாசம் கொடுங்கள்.

சென்ற நவம்பர் இறுதியில் மதுரையிலிருந்து என் அத்தையும் மாமாவும் உங்களில் ஒரு நிறுவனத்தின் மூலம் வந்திருந்தார்கள். பெயரைச் சொல்லி யாரையும் சந்திக்கு இழுக்க விரும்பவில்லை. மிடோசுஜியில் டோட்டன்போரி கால்வாய்ப் பாலத்தருகே இறக்கிவிட்டு, அரை மணியில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிய இடத்துக்கே வந்துவிடுமாறு சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மிடோசுஜி 1970 முதல் தெற்கு நோக்கிய ஒருவழிச் சாலை என்பதையும், ஒருமுறை கடந்த பேருந்து யோட்சுபாஷி போன்ற வேறொரு சாலை வழியாக வடக்கே போய்ச் சுற்றித்தான் திரும்ப முடியும் என்பதையும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வேலை முடிந்து நான் அவர்களைப் பார்க்கப் போனபோது, அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாலையோரத் திண்டில் உட்கார்ந்திருந்தார். மாமாவின் கையிலிருந்த தாளில் வழிகாட்டியின் எண் இருந்தது. ஆனால் மாமாவின் கைபேசிக்கு இங்கே இணைப்பு இல்லை. சர்க்கரை நோயாளியான அத்தைக்குக் கழிப்பறை தேவைப்பட்டு நெடுநேரம் ஆகியிருந்தது. “எந்திரிச்சுப் போனா பஸ்ஸு விட்டுட்டுப் போயிருமேப்பா” என்றார். வடக்கே சிறிது தூரத்தில் டைமாரு பல்பொருள் அங்காடி இருக்கிறது. அதன் கழிப்பறைக்குள் யாரும் போகலாம். அதைச் சொல்ல ஆள் இல்லை. கடைசியில் பேருந்து வந்தது, வேறோர் இடத்தில், இன்னும் தெற்கே.

உங்கள் கையேட்டில் இந்தச் சாலை ‘பேருந்தில் இருந்தபடியே கண்டுகளித்தல்’ என்ற ஒற்றை வரியாக இருக்கிறது. ஆறு மீட்டர் அளவே அகலமிருந்த தெருவை 44 மீட்டராக்க நகரத்தந்தை செகி ஹஜிமே திட்டமிட்டபோது, ஊர் நடுவே விமான ஓடுதளம் போடப் போகிறாரா என்று கேலி செய்தார்களாம். 1926இல் தொடங்கிய பணி 1937இல் முடிந்தது. அதைக் காண அவர் உயிரோடில்லை, 1935இலேயே மறைந்துவிட்டார். சாலையோரத்து ஏறத்தாழ தொள்ளாயிரம் கிங்கோ மரங்கள் நவம்பர் இறுதியில் ஒருசேர மஞ்சளாகின்றன. மினாமி மிடோ பௌத்த ஆலயத்தின் எதிரே, சாலையின் பசுந்திட்டில், 1694இல் ஹைக்கூக் கவிஞர் பாஷோ இப்பகுதியில் மறைந்ததைச் சொல்லும் சிறு கல் நிற்கிறது. ஹைக்கூவைக் கொண்டாடும் நம்மவர்களை அந்தக் கல்லைத் தாண்டிப் பேருந்தில் தூங்கவைத்துக் கூட்டிச்செல்கிறீர்கள்.

முதியவர்களால் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்று கேட்பீர்கள். யோதோயாபாஷி பாலத்தில் தொடங்கினால் நம்பா வரை மூன்று கிலோமீட்டர்தான். தவிர, சாலைக்கு அடியிலேயே மிடோசுஜி சுரங்க ரயில் ஓடுகிறது. களைத்தவர்கள் வழியிலுள்ள ஹொம்மாச்சி நிலையத்திலோ ஷின்சாய்பாஷி நிலையத்திலோ கீழிறங்கி ரயிலேறிவிடலாம். 1933இலேயே ஓடத் தொடங்கிய ரயில் அது. ஏனோ உங்கள் பயணத் திட்டத்தை மட்டும் இன்னும் எட்டவில்லை.

வரி விலக்குக் கடையில் மாத்திரம் இரண்டு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. மூட்டுவலித் தைலமும் முகப்பூச்சும் வாங்க ஒதுக்கத் தெரிந்த நேரத்தை, லட்சங்களைக் கட்டி வந்த ஊரைப் பார்க்கவும் ஒதுக்கலாகாதா? அந்தக் கடையில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதை நான் கேட்கப்போவதில்லை; அது இம்மடலின் விஷயமன்று.

இன்னொன்றையும் நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். நகராட்சி இச்சாலையின் இருபுறப் பக்கத் தடங்களைப் படிப்படியாக மூடி நடைபாதையோடு சேர்த்து வருகிறது. சாலைக்கு நூறாண்டு நிறையும் 2037ஐ இலக்காக வைத்து முழுவதையும் நடப்பவர்களுக்கே விடுவதென்று 2019இல் வெளியிட்ட திட்டம் சொல்கிறது. பயணிகளை ஓரத்தில் இறக்கிவிட்டு ஓடும் வழக்கம் அதற்குப் பிறகு தானாகவே நின்றுவிடும். அதுவரை நம் பெரியவர்கள் சாலையோரத்தில் காத்துக்கிடக்க வேண்டுமா?

ஆகவே, அடுத்த இலையுதிர்காலத்துக்கான பயணத் திட்டத்தை அச்சிடும் முன், மிடோசுஜியில் நடப்பதற்கென இரண்டு மணி நேரத்தைச் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இறங்குமிடம், ஏறுமிடம், வழியிலுள்ள கழிப்பறைகள் ஆகியவற்றைக் குறித்த ஒரு தாளையும் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் கொடுங்கள். அந்தத் தாளை எழுத ஆளில்லையென்றால் நானே எழுதி அனுப்புகிறேன், கட்டணம் வேண்டாம்.

இங்ஙனம்,
ஒசாகாவாழ் தமிழன் ஒருவன்